ஒரே வரி, இரண்டு வீடுகள்



வரி என்றதும் நாம் கேட்பது, "எத்தனை சதவீதம்?" என்பதுதான். மார்க்கம் அதற்கு முன்பே இன்னொன்றைக் கேட்கிறது. எதிலிருந்து எடுக்கிறீர்கள்? செலவிலிருந்தா, மிச்சத்திலிருந்தா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் வீட்டில் அத்தனையும் செலவாகிவிடும். 1,50,000 சம்பாதிக்கும் வீட்டில் 60,000 செலவு, மீதி சேமிப்பு. இருவரும் வாங்கும் பொருட்களில் சராசரியாக 5 சதவீதம் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீடு 750 ரூபாய் கட்டுகிறது, இரண்டாவது வீடு 3,000. பணக்காரர்தானே அதிகம் கட்டுகிறார் என்று தோன்றும். வருமானத்தோடு வைத்துப் பார்த்தால் ஏழை கட்டியது 5 சதவீதம், பணக்காரர் கட்டியது 2 சதவீதம்!

ஜி.எஸ்.டி. போன்ற மறைமுக வரிகளின் தன்மை இது. அரசுக்கும் இது தெரியும். அதனால்தான் பாலுக்கும், பொட்டலம் போடாத அரிசிக்கும் வரி இல்லை. சோப்பு, பற்பசைக்கு இருந்த 18 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. வருமான வரி வேறு மாதிரி. ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே அது தொடங்கும், வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும்.

"உழைத்து முன்னேறியவனுக்கு இது தண்டனை இல்லையா?" என்று வியாபாரிகள் கேட்பதுண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. வரி அளவு மீறினால் உழைக்கும் ஆர்வமே போய்விடும், கடைசியில் அரசின் வருவாயும் குறையும் என்று இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் 14ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார்கள்.

ஜகாத் இந்த இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. அடிப்படைத் தேவைகளும் கடனும் போக, நிஸாப் அளவு செல்வம் ஒரு வருடம் கையில் இருந்தால்தான் 2.5 சதவீதம். விளைச்சலில் மழையை நம்பிய நிலத்துக்குப் பத்தில் ஒன்று, நீர் இறைத்துப் பாய்ச்சிய நிலத்துக்கு இருபதில் ஒன்று. செலவும் பாடும் கூடியவனுக்குக் கடமை பாதியாகிறது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியைப் பாருங்கள். மதீனாவுக்குச் சரக்குக் கொண்டுவரும் நபதீ வணிகர்களிடம் பருப்பு வகைகளுக்குப் பத்தில் ஒன்று வாங்கிய அவர்கள், கோதுமைக்கும் எண்ணெய்க்கும் இருபதில் ஒன்றுதான் வாங்கினார்கள் என்று முவத்தாவில் வருகிறது. அந்தச் சரக்கு ஊருக்குள் நிறைய வரவேண்டும் என்பதே நோக்கம். பிற மதக் குடிமக்களிடம் வாங்கிய ஜிஸ்யாவிலும் வசதி படைத்தவருக்கு ஆண்டுக்கு 48 திர்ஹம், நடுத்தரமானவருக்கு 24, உழைத்துச் சாப்பிடும் ஏழைக்கு 12 என்று மூன்று படி வைத்தார்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அது கிடையாது.

சரி, நம் மஹல்லாக்களில் என்ன நடக்கிறது? பல ஊர்களில் தலைக்கட்டு வரி இன்றும் வீட்டுக்கு ஒரே தொகை. ஆட்டோ ஓட்டுபவரும் மூன்று கடை வைத்திருப்பவரும் சமமாகக் கட்டுகிறார்கள். வருடக்கணக்கில் பாக்கி சேர்ந்து, மகளின் நிகாஹ் தஃப்தருக்கு வந்து நிற்கும்போதுதான் அந்த நோட்டு திறக்கப்படுகிறது. அன்றைக்கு அந்தத் தகப்பன் யாரிடம் போய்க் கடன் கேட்பார்? ஜி.எஸ்.டி.யை நாம் குறை சொல்கிறோம், இதுவும் அதே கணக்குத்தானே!

பள்ளிவாசல் செலவுக்கு ஜகாத் பணத்தைத் தொட முடியாது என்பதால் சந்தா அவசியம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதை மூன்று படியாக்கலாம். "யார் பணக்காரர் என்று யார் முடிவு செய்வது?" என்று கேட்பார்கள். நிர்வாகம் வீடு வீடாகத் துருவ வேண்டாம். தன் படியை அவரவரே எழுதிக் கொடுக்கட்டும். ஜகாத் கணக்கையே மனிதனின் அமானிதத்தில் விட்டிருக்கும்போது, சந்தாவை விடக்கூடாதா? கணவரை இழந்த பெண்கள் நடத்தும் வீடுகளின் பழைய பாக்கியை மட்டும் இந்த மாதமே தள்ளுபடி செய்துவிடலாம். அதற்குப் பொதுக்குழு கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.