முதலில் கால், பிறகு முள்

கடிதம் என்றால் 'நான்', 'நீ' என்று எழுதுவதுதான் வழக்கம். அப்படித் தொடங்கினால் இரண்டாம் பக்கத்தில் இது சண்டையாகிவிடும் என்பது எழுதுகிறவருக்கே தெரியும். ஆகவே இருவரையும் படர்க்கையில் நிறுத்திவிட்டுப் பேசலாம். ஒருவர் தம்பி. மற்றவர் கிழக்கிலங்கையின் மருதமுனையில் கடற்கரைக்குக் கிட்ட, பழைய இதழ்களுக்கு நடுவே குந்தியிருக்கும் ஒரு கிழவர்.

தம்பி இந்த மாத இதழில் திருக்கை மீனைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். கிழவர் அதை மூன்று தடவை வாசித்தார். முதல் தடவை ஆசையோடு, இரண்டாம் தடவை பென்சிலோடு, மூன்றாம் தடவை கோபத்தோடு.

தலைப்பு 'கரையோரக் கொலையாளி'. முதல் பந்தியிலேயே தொலைக்காட்சியில் காட்டு விலங்குகளைக் காட்டிப் பெயர் பெற்ற ஸ்டீவ் இர்வின் வந்துவிடுகிறார். 2006 செப்டம்பர் 4, அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, பட் ரீஃப் பவளப்பாறை, படப்பிடிப்பு, நெஞ்சில் ஏறிய முள், 44 வயதில் மரணம். தகவலில் பிழை இல்லை. ஆனால் அந்த மனிதர் ஒரு பெரிய திருக்கையைப் படம் பிடிக்க நீந்தி நெருங்கியவர். மருதமுனைக் கரையில் முழங்கால் தண்ணீரில் இறங்குகிறவருக்கு முள் ஏறுவது பாதத்தில், மிஞ்சினால் கணுக்காலில். அதில் உயிர் போவது மிக அரிது. உயிர் போகிற மாதிரி வலிப்பதோ நிச்சயம். கரைவலை இழுக்கிறவருக்கும் சிப்பி பொறுக்குகிற பிள்ளைக்கும் இந்த இரண்டாவதுதான் சங்கதி. தம்பி அதற்கு நாலாம் பக்கத்தின் அடியில் ஆறு வரி ஒதுக்கியிருக்கிறார்.

போகட்டும். கிழவரைப் பென்சில் எடுக்க வைத்தது வேறு ஒன்று. 'தாக்கியது' என்ற சொல் கட்டுரையில் ஒன்பது இடத்தில் வருகிறது. திருக்கை தாக்கியது, திருக்கையின் தாக்குதலுக்கு இலக்கானார், தாக்கிவிட்டுத் தப்பியது. பொலிஸ் அறிக்கை மாதிரி இருக்கிறது. ஒன்பது இடத்திலும் ஒருவர் மீனை மிதித்திருக்கிறார். மிதித்தார் என்ற வினைச்சொல் கட்டுரை முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் பிறைக்குறிக்குள்.

இது சொல் சண்டை என்று தம்பி நினைக்கக்கூடும். கிழவர் நாற்பது வருடமாக வினைச்சொல்லுக்காகச் சண்டை பிடிப்பவர் என்று ஊரில் பெயர் இருப்பதும் உண்மை. ஆனால் இந்த இடத்தில் வினைச்சொல் தவறினால் காலும் தவறும். திருக்கை பகலில் மணலுக்குள் தன்னைப் புதைத்துக்கொண்டு கிடக்கிற மீன். தலைக்கு மேலே இரண்டு கண், கண்ணுக்குப் பின்னால் மூச்சுக்குத் தண்ணீர் இழுக்கிற இரண்டு துளை. வெளியே தெரிவது அவ்வளவுதான். வாய் அடியில் இருக்கிறது. நண்டையும் சிப்பியையும் தேடித் தின்கிற அந்த வாயால் மனிதனை ஒன்றும் செய்ய முடியாது. ஆள் வருகிற அதிர்வு மணலில் பட்டால் எழுந்து போய்விடும். அதிர்வே இல்லாமல் மேலிருந்து ஒரு கால் முதுகில் இறங்கினால் மட்டும் வால் மேல்நோக்கிச் சுண்டும். முதலில் கால், பிறகு முள். இந்த வரிசையில் எழுதியிருந்தால் பரிகாரம் தனியாக எழுதவே தேவையில்லை, வாசகர் தானாகவே தன் காலைப் பார்த்திருப்பார்.

பரிகாரமும் கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காலைத் தூக்கி வைக்காமல், மணலை உழுதுகொண்டு, இழுத்து இழுத்து நடப்பது. கலிபோர்னியாக் கரைகளில் இதற்கு ஒரு நடனத்தின் பெயர் வைத்துப் பலகை எழுதி நட்டிருக்கிறார்கள். இங்கே பலகை கிடையாது. கரைவலை வாடியில் இருந்த ஒரு மூத்தாப்பா, தண்ணீரில் குதிக்க ஓடும் பொடியன்களைப் பார்த்து, "காலத் தூக்காத மனே, இழுத்துட்டுப் போ" என்று கத்துவார். பிந்தி வந்த காலத்தில் கிழவர் இதைப் பற்றி வாசித்த எந்த நூலிலும் அந்த ஐந்து சொல்லுக்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை. கையில் ஒரு கம்பு இருந்தால் முன்னால் குத்திக் குத்திப் போகலாம். இறப்பர் செருப்பை நம்பிப் போகக்கூடாது. முள் அதைத் துளைத்துவிடும்.

இரண்டாவது பிழை கொஞ்சம் வெட்கப்பட வேண்டியது. தம்பி 'வால் நுனியில் உள்ள விஷ முள்' என்று எழுதியிருக்கிறார். முள் நுனியில் இல்லை. வாலின் பாதிக்கும் உடம்புக்கும் இடையில், உடம்புப் பக்கமாக, மேற்புறத்தில் இருக்கிறது. சில மீனுக்கு இரண்டு மூன்று கூட இருக்கும். நுனி வெறும் சாட்டை. நுனியைப் பிடித்துத் தூக்கினால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தவர்கள், நுனி ஆபத்து என்று நம்பி வாலின் அடியைப் பிடித்தவர்கள், இரு சாராரும் வைத்தியசாலைக்குப் போயிருக்கிறார்கள். தம்பி எப்படிப் பிழைவிட்டார் என்பதும் கிழவருக்குத் தெரிகிறது. அவர் திருக்கையைக் கல்முனைச் சந்தையில் பார்த்திருக்கிறார். சந்தைக்கு வருகிற திருக்கைக்கு வால் இருக்காது. வலையின் மடி கரை ஏறியதும் முதல் வேலையாக அதைத் தறித்து எறிந்துவிடுவார்கள். எறிந்த முள்ளை மணலில் விட்டால் அதுவும் குத்தும், மீன் செத்த பிறகும் விஷம் முள்ளில் இருக்கும். தெரிந்தவர்கள் ஆழமாகப் புதைப்பார்கள்.

கிழவரின் மேசை இழுப்பறையில் ஒரு முள் கிடக்கிறது. விரல் நீளம், காய்ந்த தந்த நிறம். இரண்டு ஓரத்திலும் வாள்பல், ஒவ்வொரு பல்லும் அடியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. போகும்போது வழி விடும், திரும்பும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். அடிப்பக்கத்தில் நீளவாக்கில் இரண்டு பள்ளம். மீன் உயிரோடு இருக்கையில் முள்ளை ஒரு மெல்லிய தோல் உறை மூடியிருக்கும், அந்தப் பள்ளங்களில் விஷத் திசு இருக்கும். குத்தும்போது உறை கிழிந்து விஷமும் சளியும் உறைத் துண்டும் சில வேளை முள்ளின் உடைந்த முனையும் காயத்துக்குள் தங்கிவிடும். வலி தணிந்த பிறகும் காயம் பழுப்பதற்கு அதுதான் காரணம். தம்பி 'விஷ ஊசி' என்று உவமை சொல்லியிருக்கிறார். ஊசி சுத்தமான சாமான். இதை மரம் அறுக்கிற வாளுக்கு ஒப்பிட்டிருக்கலாம்.

இனி, மனமில்லாமல் அல்ல, மனதார ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் பக்கத்தில் கச்சான் காற்று வீசும் காலத்தில் கடல் குளம் போலக் கிடப்பதையும், கரைவலை கிட்ட வரவரக் கயிறு இழுப்பவர்களின் குரல் குறைந்து எல்லோருடைய கண்ணும் மடியின் மேல் விழுவதையும் எழுதியிருக்கிறாரே, அந்தப் பந்திக்குக் கிழவர் எழுந்து நின்றார். இந்தக் கரையைப் பற்றி அப்படி ஒரு பந்தி வந்து எத்தனையோ காலமாயிற்று. அதை எழுதின கைதான் 'கொலையாளி' என்றும் எழுதியது என்பதுதான் ஆத்திரம்.

கச்சான் என்றதும் பழைய கதை ஒன்று வந்துவிட்டது. அப்போது ஊரில் வீட்டுக்கு வீடு தறி. தறிக்குழியில் இருந்து மிதி மிதித்தே காலம் போன ஆட்கள், கடல் அமைதியான மாதங்களில் வலை இழுக்கவும் போவார்கள். மிதிக்கிற காலுக்கு இழுக்கிற நடை லேசில் வராது. கிழவரின் வாப்பாவோடு நெய்த ஒருவர் ஒரு நாள் விடியற்காலை இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நாலே எட்டில் அலறினார். தூக்கி வந்தார்கள். குதிக்கு மேலே ஒரு பிளவு, ஓரம் நீலமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. ஒருவர் மண்ணெண்ணெய் என்றார், ஒருவர் புகையிலை என்றார், சிறுநீர் என்றும் ஒரு குரல் வந்தது. வேர்த்துக் கொட்டிச் சத்தி எடுத்துக்கொண்டிருந்த மனிதரை, கிழவரின் மூத்தம்மா கேட்டுக் கேள்வி இல்லாமல் நூலுக்குச் சாயம் போட வைத்திருந்த சூட்டுத் தண்ணீரில் காலை வைக்கச் சொன்னா. வைக்குமுன் தன் கையை முழங்கை மட்டும் விட்டுப் பார்த்து, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றினா. அரை மணித்தியாலம் கழித்து அவர் தேத்தண்ணி கேட்டார். கால் ஒரு கிழமை வரை கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. பள்ளிவாசலில் ஒளுச் செய்கிறபோது எல்லோரும் அந்தக் காலைத்தான் பார்த்தார்கள்.

சாயத் தண்ணீரை யாரும் பின்பற்ற வேண்டாம். ஆனால் மூத்தம்மாவின் முழங்கையைப் பின்பற்றலாம். திருக்கை விஷம் புரதம், சூட்டில் பழுதாகும். அதனால்தான் உலகம் முழுவதும் சுடுநீர். அமெரிக்காவின் சான் டியாகோவில் 119 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, முதலில் சுடுநீர் மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் 88 வீதமானோருக்கு வேறு மருந்தின்றி அரை மணித்தியாலத்துக்குள் வலி நீங்கியதாகச் சொல்கிறது. தம்பி இதற்கு எழுதியிருப்பது 'சூடான நீரில் காலை வைக்கவும்'. எவ்வளவு சூடு? கிட்டத்தட்ட 45 பாகை செல்சியஸ், அதற்கு மேல் போகக்கூடாது. முப்பது நிமிடத்திலிருந்து ஒன்றரை மணித்தியாலம், ஆற ஆறச் சூடு சேர்த்து. வெப்பமானி இல்லாத வாடியில் அளவுகோல் இன்னொருவரின் கை, அல்லது குத்துப்படாத மற்றக் கால். குத்துப்பட்ட காலுக்கு வலியில் சூடு தெரியாது. சீனி வருத்தத்தில் பாதம் மரத்தவருக்கு எந்தக் காலிலும் தெரியாது, அவருடைய மற்றக் காலையும் நம்பக்கூடாது. திருக்கையிடமிருந்து பிழைத்த காலைக் கேத்தல் தண்ணீரில் அவித்தால் எழுதினவர் எப்படி நித்திரை கொள்வார்?

மிச்சத்தைத் தம்பி சரியாகவே சொல்லியிருக்கிறார். முதலில் ஆளைத் தண்ணீரை விட்டு வெளியே எடுப்பது, காயத்தைக் கழுவி இரத்தத்தை அழுத்தி நிறுத்துவது, பிறகு வைத்தியசாலை, ஏற்பு ஊசி, உள்ளே துண்டு இருக்கிறதா என்று எக்ஸ்-ரே. நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் நின்றால் பிடுங்காமல் அப்படியே கொண்டு ஓடுவது. நல்லது.

இர்வினுக்குப் பதிலாகத் தொடக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமென்றால் ஆங்கிலேய நாடுகாண் பயணி கப்டன் ஜோன் ஸ்மித் இருக்கிறார். 1608இல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் ஆழமில்லாத தண்ணீரில் வாளால் மீன் குத்தி விளையாடினவர். வாளில் ஏறிய திருக்கையைக் கழற்றப் போய் மணிக்கட்டில் முள் வாங்கினார். கையும் தோளும் வீங்கின வீக்கத்தைப் பார்த்துக் கூட வந்தவர்கள் அவருக்குக் குழியே வெட்டிவிட்டார்கள். அந்திக்குள் வலி தணிந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு அவர் தின்றது அதே மீனை. இது நடந்த நிலமுனைக்கு இன்றைக்கும் திருக்கையின் பெயர்தான். இந்தக் கதையில் யார் யாரைத் தாக்கியது என்று ஒரு பிள்ளைக்குக் கூட விளங்கும்.

கட்டுரை நூலாக வரப்போகிறது என்று கேள்வி. தலைப்பை மாற்றி, ஒன்பது 'தாக்கியது'வையும் எடுத்து, முள்ளை வால் நுனியிலிருந்து இறக்கி அது இருக்கிற இடத்தில் வைத்துவிட்டுத் தம்பி சனிக்கிழமை அசருக்குப் பிறகு வரட்டும். இழுப்பறையில் இருக்கிற முள்ளைக் கையில் தரலாம். வீட்டில் திருக்கைக் கறிக்கும் சொல்லியாயிற்று, கொச்சிக்காய் கூட. சாப்பிட்டுவிட்டுக் கடலுக்குப் போகலாம். கிழவர் முன்னால் காலை இழுத்துக்கொண்டு போவார், தம்பி பின்னால் வந்தால் போதும்.