மிதிவண்டிக்கு ஏற்ற பூட்டு எது?

அடுத்த கோடையில் நெதர்லாந்திலிருந்து ரைன் ஆற்றங்கரை வழியே சுவிட்சர்லாந்து வரை மிதிவண்டியில் செல்ல நண்பர் இருவரும் நானும் எண்ணியுள்ளோம். கூடாரம், உடை, உணவு யாவும் வண்டியின்மீதே இருக்கும். வண்டி போனால் பயணமும் போயிற்று. ஆதலின் பூட்டைப் பற்றிச் சிறிது ஆராயலானேன். அறிந்தவற்றை மாணவ நண்பர்களுக்குக் கூறுகிறேன்.

முதற்பாடம் நாகலாபுரத்தில் கிடைத்தது. திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூர் வேதநாராயணர் கோயிலில், மார்ச்சுத் திங்களில் மூன்று நாள் மாலைக் கதிரொளி கருவறை வரை சென்று இறைவன் திருமேனியில் படியும். அதனைக் காணச் சென்ற நான், பின்சக்கரத்து வளையப் பூட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால் வண்டி இல்லை! பதறித் தேடியபோது பூக்கடைப் பெரியவர் சிரித்தார். “வழியை அடைச்சிக்கிட்டு நின்னுது தம்பி. ரெண்டு பேரா தூக்கி அந்த மரத்தடியில வெச்சோம்” என்றார். பூட்டு பூட்டியபடியே இருந்தது! தூக்கியவர் நல்லவராதலால் வண்டி கிடைத்தது.

வளையப் பூட்டு வண்டியை ஓட்டவிடாமல் தடுக்கும், தூக்கவிடாமல் தடுக்காது. மக்களைவிட மிதிவண்டிகள் மிகுதியாக உள்ள நெதர்லாந்தில் அப்பூட்டோடு ஒரு சங்கிலியையும் சேர்த்துப் பூட்டுவது வழக்கம்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே கொண்டுசென்றால் என்ன என்றும் எண்ணினேன். ஆனால், பூட்டு எத்துணை உறுதியாயினும் சங்கிலி மெலிந்ததாயின் திருடன் சங்கிலியை அன்றோ வெட்டுவான்! கம்பிவடப் பூட்டும் அத்தகையதே. எடை குறைவு; ஆனால் வெட்டுக் கத்தரிக்கு நொடியில் இரையாகும். கடினப்படுத்திய எஃகுச் சங்கிலி உறுதியானது, சுமையும் பெரிது. லாடம்போல் வளைந்த எஃகுப் பூட்டு இரண்டிற்கும் இடைப்பட்டது. ஏறத்தாழ 1 முதல் 1½ கிலோ எடையிருக்கும். பிரிட்டனில் சோல்ட் செக்யூர் என்னும் அமைப்பு, பூட்டுகளைத் தாக்கிச் சோதித்து வெண்கலம், வெள்ளி, பொன், வைரம் எனத் தரம் வகுக்கிறது. வாங்குவோர் அக்குறியைப் பார்ப்பது நலம்.

பூட்டும் முறையும் முக்கியம். பின்சக்கரத்தையும் வண்டியின் சட்டத்தையும் சேர்த்து, மண்ணில் ஊன்றிய இரும்புக் கம்பத்தோடு பிணைக்க வேண்டும். கம்பம் குட்டையாயின் வண்டியை மேலே தூக்கி எடுத்துவிடலாம். பூட்டினுள் இடைவெளி குறைந்திருந்தால் கடப்பாரை நுழையாது. பூட்டு தரையில் படிந்திருந்தால் சம்மட்டியால் அடிக்க எளிது. கையால் நெம்பிக் கழற்றத்தக்க முன்சக்கரத்தைத் தனியே ஒரு கம்பிவடத்தால் கட்ட வேண்டும்.

நாங்கள் மூவரும் ஆளுக்கொரு லாடப் பூட்டும் ஒரு மெல்லிய கம்பிவடமும் கொள்வதென முடிவு செய்தோம். மாற்றுச் சாவி நண்பரிடம் இருக்கும். கடவுச்சீட்டும் பணமும் என்றும் உடம்போடு இருக்கும். சட்டத்தில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொண்டோம். கடைக்குள் இருவர் போனால் ஒருவர் வெளியே நிற்பார்.

ஏனெனில், மின்கலத்தால் இயங்கும் வெட்டும் எந்திரத்தின்முன் பெரும்பாலான பூட்டுகள் சில நிமிடமே தாங்கும். பூட்டு திருடனுக்குத் தாமதத்தையே உண்டாக்கும். அத்தாமதம் முடியுமுன் நாம் திரும்பிவிட வேண்டும்.