அறுகோணப் பலகையில் ஓர் உள்நாட்டுப் போர்

செஸ், கேரம் எல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் உண்மையில் நடந்த ஒரு போரையே பலகையில் வைத்து, "அந்தத் தளபதி இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்கும் விளையாட்டுகளும் உண்டு. அதற்குள் நம்ம கணக்கும் டிராயிங்கும் ஒளிந்திருப்பதால்தான் இக்கட்டுரை.

அமெரிக்காவின் சார்லஸ் ராபர்ட்ஸ் 1958-ல் தன் அவலான் ஹில் கம்பெனி மூலம் 'கெட்டிஸ்பர்க்' என்ற விளையாட்டை வெளியிட்டார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65), 1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த சண்டை அது. வடக்கே மீட், தெற்கே லீ. எந்தப் படை, எந்த ரோட்டில், எத்தனை மணிக்கு வந்ததோ, அதே நேரத்தில்தான் காயும் பலகைக்குள் வரும்.

ஏன் அறுகோணம்?

1961-ல் வந்த பதிப்பில் அறுகோணக் கட்டங்கள் இடம்பெற்றன. காரணம் எளிது. சதுரக் கட்டத்தில் நேராகப் போனால் தூரம் 1. மூலைவாட்டில் போனால் 1.414. அதாவது 41 சதவீதம் அதிகம். அறுகோணத்திலோ பக்கத்துக் கட்டங்கள் ஆறும் மையத்திலிருந்து சம தூரம். வரைவதும் சுலபம். காம்பஸில் வட்டம் போட்டு, அதே ஆரத்தை வைத்து ஆறு முறை வெட்டினால் முடிந்தது.

சண்டையின் கணக்கு

ஒவ்வொரு காயிலும் அதன் பலம் எண்ணாக அச்சாகியிருக்கும். 12 பலம் 4-ஐத் தாக்கினால் விகிதம் 3:1. 11 பலம் தாக்கினால் 2:1 தான்; மிச்சம் தற்காப்பவருக்குச் சாதகம். பிறகு பகடை உருட்டி, முடிவுப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, 3:1-ல் ஆறில் ஐந்து முறை ஜெயிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்து மூன்று தாக்குதலிலும் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு? 5/6 × 5/6 × 5/6 = 125/216. ஏறக்குறைய 58 சதவீதம்தான்! 'நிச்சயம் ஜெயிப்போம்' என்று கிளம்பும் திட்டம், மூன்றாவது படியில் பாதிக்குப் பாதி ஆகிவிடுகிறது. இதை ஒரு தடவை ஆடிப் பார்த்தவன் மறக்க மாட்டான்.

முழுப் போரையும் ஆட ஃபிராங்க் சாட்விக் 1981-ல் 'எ ஹவுஸ் டிவைடட்' விளையாட்டைச் செய்தார. அதில் அறுகோணம் கிடையாது. ஊர்களை ரோடு, ரயில், ஆறு இணைக்கும். நிஜத்திலும் வடக்கில் சுமார் 22,000 மைல் ரயில் பாதை, தெற்கில் சுமார் 9,000. இந்த வித்தியாசத்தைப் பலகையில் நகர்த்தும்போதுதான் கை உணர்கிறது.

பலகையில் இல்லாதது

ஒரு காயை எடுத்து டப்பாவில் போடுவது ஒரு விநாடி வேலை. அந்தக் காய் சில ஆயிரம் பேர். ஜூலை 3 மதியம் சுமார் 12,500 தென்வீரர்கள் திறந்தவெளியில் நடந்து தாக்கினார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் செத்தோ, காயம்பட்டோ, பிடிபட்டோ போனார்கள். அதில் நம்ம வயசுப் பசங்களும் உண்டு.

இன்னொன்று. போரின் மூலகாரணம் அடிமை முறை. 1860-ல் அடிமைகள் சுமார் 40 லட்சம் பேர். கெட்டிஸ்பர்க் பலகையில் அவர்களுக்கு ஒரு காய்கூட இல்லை. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே குற்றம் என்று சட்டம் இருந்தது. எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவன் நான்; இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1865 டிசம்பரில் 13-வது சட்டத்திருத்தம் அடிமை முறையை ஒழித்தது.

ஆகவே நண்பர்களே, ஒரு சார்ட் பேப்பர், கொஞ்சம் அட்டை, ஒரு பகடை இருந்தால் ஹாஸ்டலிலேயே இதைச் செய்து ஆடலாம். எந்த மாதிரியைக் கட்டினாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதில் எதைச் சேர்த்தோம்? யாரை விட்டுவிட்டோம்? நாளை நாம் போடப்போகும் பிளானுக்கும் எஸ்டிமேட்டுக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும்.