வடிநீரும் ஊர்நலமும்

நீரை வடித்துப் பருகுதல் நம் இல்லங்களில் வழிவழி வந்த ஒழுக்கமாகும். நீர்வாழ் சிற்றுயிர்களுக்கு ஊறு நேராமைப் பொருட்டே இஃது ஏற்பட்டது. நம் உடல்நலம் கருதி ஏற்பட்டதன்று. முன்னோர் நோய்க்கிருமிகளை அறிந்தே விதித்தனர் என்று சிலர் பெருமை பேசுவதை யான் ஏற்பதில்லை. எனினும், அடுக்களையில் நிகழும் இச்சிறு செயல் ஒரு நாட்டின் நோய்க் கணக்கையே மாற்றவல்லது என்பதற்குச் சான்றுகள் உள.

நரம்புச் சிலந்தி நோயை முதியோர் அறிவர். குளத்து நீரில் சைக்ளாப்ஸ் என்னும் மிகச்சிறு நீர்ப்பூச்சி உண்டு. சிலந்திப் புழுவின் குஞ்சினை விழுங்கிய இப்பூச்சியை ஒருவர் நீரோடு குடித்துவிடின், புழு அவர் உடலில் ஏறத்தாழ ஓராண்டு மறைந்து வளரும். ஒரு மீட்டர் வரை நீண்டு, பெரும்பாலும் காலில் கொப்புளம் எழுப்பி வெளிப்படும். எரிச்சல் தாளாது அவர் குளத்தில் காலை நனைப்பார். அந்நொடியே புழு எண்ணற்ற குஞ்சுகளை நீரில் சொரியும். பூச்சிகள் அவற்றை விழுங்க, ஊரார் மீண்டும் அந்நீரையே முகந்து செல்வர்.

இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை. தீர்க்கும் மருந்தும் இல்லை. ஆயினும் 1984-இல் இந்தியாவில் ஏறத்தாழ 40,000 பேரைப் பற்றியிருந்த இது, 1996 சூலையில் இராசஸ்தானத்தில் கண்ட நோயாளியோடு முடிவுற்றது. 2000-இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. படிக்கிணறுகள் மாற்றியமைக்கப்பட்டன, அடிகுழாய்கள் வந்தன, நீரில் மருந்தும் இடப்பட்டது. இவற்றோடு, துணியில் வடித்த நீரையே குடிப்பதும், புண்பட்ட காலோடு நீரில் இறங்காமையும் மக்கள் வழக்கமாயின. உலகில் 1986-இல் 35 இலட்சமாக மதிப்பிடப்பட்ட நோயாளர் தொகை 2023-இல் 14 ஆயிற்று.

வாந்திபேதிக் கிருமியும் இவ்வகை நீர்ப்பூச்சிகளின் மேல் ஒட்டி வாழ்வதுண்டு. இதனை அறிந்த அமெரிக்க அறிவியலறிஞர் ரீட்டா கோல்வெல் அம்மையாரும் குழுவினரும் வங்காளதேசச் சிற்றூர்களில் பழம்புடவையைப் பலமடிப்பாக மடித்து நீர் வடிக்கச் செய்தனர். அவ்வூர்களில் வாந்திபேதி 48 விழுக்காடு குறைந்ததென 2003-இல் வெளியிட்டனர். புதுப்புடவையினும் பழம்புடவையே நன்று. பலகால் துவைத்ததில் இழைகள் விரிந்து கண்கள் சுருங்கிவிடுகின்றன. சில ஆண்டுகள் கழித்து நோக்கியபோது, பலர் வடிக்கும் தெருவில் வடிக்காத வீடுகளிலும் நோய் குறைந்திருக்கக் கண்டனர். ஒரு வீட்டில் நோயில்லையேல் அடுத்த வீட்டிற்கு அது செல்வதெங்ஙனம்?

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். துணி, பூச்சியைத் தடுக்கும்; நீரில் தனித்து மிதக்கும் கிருமிகளைத் தடுக்காது. ஆதலின் வடித்தபின் காய்ச்சுதலும் இன்றியமையாதது. வடிதுணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே சேர்ப்பது நம் மரபு. அதனால் நோய் புதிதாய்ப் பெருகாது. ஆனால் குளம் தூய்மையாவதும் இல்லை. ஆகவே வடித்தல் ஒருநாளும் தவறலாகாது.

ஆசிரியைப் பயிற்சி மாணவியரிடம் அவரவர் வீட்டு வடிதுணியைக் கொணரச் சொல்லிச் சன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் செய்வேன். பாதிக்கு மேல் பொத்தலாகவே இருக்கும். வடிதுணியை இன்றே வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பொத்தலிருப்பின் மாற்றுங்கள். துவைத்தபின் வெயிலில் உலர்த்துங்கள். வடிக்கையில் துணியின் மேற்புறம் கீழாகத் திரும்பாதபடி ஒரு மூலையில் முடிச்சிட்டு அடையாளம் வையுங்கள்.