விகாஸ் எஞ்சின்: ஆறு சதவீத உயர்வின் பொருளாதாரம்

2018 மார்ச் 29 அன்று மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி.-எஃப்08 என்ற ஏவுகலம் 2,140 கிலோகிராம் எடையுள்ள ஜிசாட்-6ஏ செயற்கைக் கோளைச் சுமந்து கிளம்பியது. ஏறத்தாழ 18 நிமிடங்களில் கோள் உரிய பாதையில் விடப்பட்டது. அடுத்து வந்த நாட்களில், கர்நாடகத்தின் ஹாசனில் உள்ள கட்டுப்பாட்டு நிலையத்தின் ஆணைப்படி கோளின் சொந்த எஞ்சின் இருமுறை இயக்கப்பட்டுப் பாதை உயர்த்தப்பட்டது. மூன்றாம் முறை இயக்குவதற்கு முன், ஏப்ரல் 1 அன்று, கோளுடனான தொடர்பு அறுந்துபோயிற்று. அதன் பின்னர் அது மீளவில்லை.

பொதுமக்கள் நினைவில் இந்நிகழ்ச்சி ஓர் இழப்பாகவே நிலைபெற்றுவிட்டது. கோளைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் அதே பயணத்தில் வேறொரு சோதனையும் நடந்தது. அது முழு வெற்றி பெற்றது. ஏவுகலத்தின் இரண்டாம் கட்டத்தில், உந்துவிசை கூட்டப்பட்ட விகாஸ் எஞ்சின் முதன்முறையாகப் பறந்தது. ஒரு முதலீட்டின் இலாப நட்டத்தைக் கணக்கிடுவோர் இவ்விரண்டையும் ஒரே பத்தியில் எழுதுதல் முறையாகாது. செயற்கைக் கோள் ஒருமுறை செய்யப்படும் பொருள். எஞ்சினோ பல ஆண்டுகளுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படப்போகும் உற்பத்தித் திறன்.

விகாஸ் எஞ்சினின் வரலாறே பொருளாதார மாணவருக்கு ஒரு பாடமாகும். 1974ஆம் ஆண்டில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் பிரான்ஸ் நாட்டின் எஸ்.இ.பி. நிறுவனத்துடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. ஏரியான் ஏவுகலத்திற்காக அங்கே வைகிங் என்ற திரவ எரிபொருள் எஞ்சின் அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. அதன் தொழில்நுட்பத்திற்கு ஈடாக இந்தியா முதன்மையாக அளித்தது தன் பொறியாளர்களின் உழைப்பை. அளவு சுமார் 100 மனித ஆண்டுகள். அதாவது, நூறு பொறியாளர்கள் ஓராண்டு செய்யும் வேலைக்குச் சமமான பணி. அழுத்தத்தை அளக்கும் கருவிகளையும் இந்தியா செய்து கொடுத்தது. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலத்தில் இது வெறும் சிக்கனம் மட்டுமன்று. பிறர் வரைபடத்தை வாங்கி வருவதற்கும், அவ்வரைபடம் உருவாகும் மேசையருகே அமர்ந்து வேலை செய்வதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. நம்பி நாராயணன் தலைமையில் வெர்னான் நகருக்குச் சென்ற குழுவினர் பெற்றது இரண்டாவது வகைக் கல்வி. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் எஞ்சின் 1985இல் அந்நகரிலேயே இயக்கிப் பார்க்கப்பட்டது. 1993 செப்டம்பரில் பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம் தோல்வியுற்றபோதும், அதன் இரண்டாம் கட்டத்திலிருந்த விகாஸ் தன் கடமையைச் செய்திருந்தது.

பிரான்ஸ் 2003ஆம் ஆண்டில் ஏரியான்-4 ஏவுகலத்துடன் வைகிங் எஞ்சினுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. இந்தியா அதே மரபில் வந்த எஞ்சினைப் படிப்படியாகச் செப்பனிட்டுக்கொண்டே வந்தது. இம்முயற்சி பல ஊர்களில் பகிர்ந்து செய்யப்படுவதாயினும், அதன் நிர்வாக மையம் பெங்களூருதான். விண்வெளித் துறையின் தலைமையகமும், திரவ உந்து அமைப்பு மையத்தின் ஒரு வளாகமும், செயற்கைக் கோள்கள் உருவாகும் மையமும் அங்கே உள்ளன. எரிபொருள் கலங்களை அந்நகரின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் செய்து தருகிறது. எஞ்சின்களை மும்பையின் கோத்ரெஜ், ஹைதராபாத்தின் எம்.டி.ஏ.ஆர். போன்ற தொழிலகங்கள் செய்கின்றன. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் அவை இயக்கிச் சோதிக்கப்படுகின்றன.

உந்துவிசை எவ்வாறு கூட்டப்பட்டது என்பதைக் காண்போம். விகாஸ் எஞ்சினில் யு.எச்.25 என்னும் எரிபொருளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் சந்தித்த உடனேயே தாமாகத் தீப்பற்றுகின்றன. டர்பைனால் சுழலும் பம்புகள் இவற்றை எரியறைக்குள் செலுத்துகின்றன. முன்பு எரியறையின் அழுத்தம் 58.5 பார் அளவில் இருந்தது. புதிய வடிவில் அது 62 பார் ஆக உயர்த்தப்பட்டது. விநாடிக்கு அதிக எரிபொருள் எரிவதால் உந்துவிசையும் சுமார் 6 சதவீதம் கூடுகிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கலத்திலுள்ள எரிபொருளின் அளவு மாறவில்லையே. விரைவாக எரித்துத் தீர்ப்பதில் என்ன ஆதாயம்? ஆதாயம் புவியீர்ப்பிடமிருந்து மீட்கப்படும் வேகத்தில் உள்ளது. ஏவுகலம் நேர் செங்குத்தாக ஏறும்போது ஒவ்வொரு விநாடியும் அதன் வேகத்தில் சுமார் 9.8 மீட்டரைப் புவியீர்ப்பு பறித்துக்கொள்கிறது. சாய்ந்து செல்லும்போது பறிபோவது குறையும், ஆனால் நின்றுவிடாது. ஏறத்தாழ 150 விநாடிகள் எரியும் இரண்டாம் கட்டம் 6 சதவீதம் கூடுதல் விசையோடு எரிந்தால் எட்டு அல்லது ஒன்பது விநாடிகள் முன்னதாகவே வேலை முடிகிறது. அந்த விநாடிகளுக்குரிய ஈர்ப்பு வரி மிச்சமாகிறது. ஆகவே உந்துவிசை 6 சதவீதம் கூடினால் சுமைத்திறனும் 6 சதவீதம் கூடும் என்று கொள்ளலாகாது. உயர்வு அதனினும் சிறியது. எனினும் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு கிலோகிராமும் விலையுயர்ந்தது. கோளில் கூடுதலாக ஏற்றப்படும் சிறிதளவு எரிபொருள்கூட அதன் ஆயுளை நீட்டித்து வருவாயைப் பெருக்கவல்லது.

அழுத்தத்தைக் கூட்டுவது எழுத்தில் எளிதாகத் தோன்றும். பம்புகள் கூடுதல் வேலை செய்தாக வேண்டும். எரியறைச் சுவரும் கழுத்துப் பகுதியும் கூடுதல் வெப்பத்தைத் தாங்க வேண்டும். எரிதல் சீராக நடைபெற வேண்டும். தரைச் சோதனையில் தேறினாலும் பறக்கும்போது நேரும் அதிர்வையும் முடுக்கத்தையும் தரையில் முழுமையாகப் படைத்துக் காட்ட இயலாது. ஜி.எஸ்.எல்.வி.யில் மொத்தம் ஐந்து விகாஸ் எஞ்சின்கள் உள்ளன: பக்கவாட்டு உந்துகலங்களில் நான்கு, இரண்டாம் கட்டத்தில் ஒன்று. 2018 மார்ச்சில் அந்த ஐந்தாவது எஞ்சின் மட்டுமே புதிய வடிவினதாக இருந்தது. அதே கட்டத்தில் எஞ்சினைத் திருப்பும் அமைப்பும் எண்ணெய் விசையிலிருந்து மின்விசைக்கு மாற்றப்பட்டது. மாற்றத்தை ஓர் எல்லைக்குள் நிறுத்தும் இம்முறையைத் தயக்கம் என்று கூறுவோர் உண்டு. 415 டன் எடையுள்ள ஏவுகலத்தையும் அதன் மேலுள்ள கோளையும் பணயம் வைப்போர்க்கு அதுவே தக்க முறை.

பின்னர் இவ்வுயர் வடிவம், இரு விகாஸ் எஞ்சின்களைக் கொண்ட எல்.வி.எம்.3 ஏவுகலத்தின் மையக் கட்டத்திலும் இடம்பெற்றது. நாட்டின் தேவை அங்கேதான் அழுத்தமாக உள்ளது. 5,854 கிலோகிராம் எடையுள்ள ஜிசாட்-11 கோளை 2018 டிசம்பரில் ஐரோப்பிய ஏரியான்-5 ஏவுகலமே தென் அமெரிக்காவின் கூரூவிலிருந்து ஏற்றிச் சென்றது. 4,700 கிலோகிராம் எடையுள்ள ஜிசாட்-என்2 கோளுக்கு 2024 நவம்பரில் அமெரிக்காவின் ஃபால்கன்-9 தேவைப்பட்டது. பெங்களூருவில் உருவான கோள்களுக்கு வெளிநாட்டில் ஏவுகட்டணம் செலுத்தும் நிலை இது. 2025 நவம்பர் 2 அன்று 4,410 கிலோகிராம் எடையுள்ள சி.எம்.எஸ்.-03 கோளை எல்.வி.எம்.3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே செலுத்தியதன் முக்கியத்துவம் இப்பின்னணியில் விளங்கும். இவ்வளர்ச்சி ஒரே எஞ்சினால் வந்ததன்று. மேல்நிலைக் கிரையோஜெனிக் கட்டத்திற்கு அதில் பெரும்பங்கு உண்டு.

படிப்படியான மேம்பாட்டிற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. விகாஸ் பயன்படுத்தும் எரிபொருள் நச்சுத்தன்மை உடையது. கையாளுதல் செலவு மிக்கது. 62 பார் அழுத்தத்திற்கு மேல் இதே அமைப்பைக் கசக்கிப் பெறக்கூடிய ஆதாயம் குறைந்துகொண்டே செல்லும். பொருளாதாரத்தில் குறைந்து செல் விளைவு விதி என்று படிப்பது இதையே. எனவே மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் 2,000 கிலோ நியூட்டன் திறனுள்ள செமி கிரையோஜெனிக் எஞ்சின் ஒன்று உருவாக்கப்பட்டு வருகிறது. எல்.வி.எம்.3இன் மையக் கட்டத்தில் விகாஸ் எஞ்சின்களின் இடத்தை அது ஏற்க வேண்டும் என்பது திட்டம். அதன் ஒரு பகுதியை மட்டும் கொண்ட சோதனை அமைப்பு 2025 மார்ச்சில் மகேந்திரகிரியில் இயக்கிப் பார்க்கப்பட்டது.

அதுவரை பொறுப்பு விகாஸினுடையதே. மனிதரை ஏற்றிச் செல்லவிருக்கும் ககன்யான் திட்டத்திற்காக இவ்வெஞ்சின் 2021 ஜூலை 14 அன்று மகேந்திரகிரியில் 240 விநாடிகள் தொடர்ந்து இயக்கப்பட்டு, அதன் அளவீடுகள் எதிர்பார்த்த மதிப்புகளுடன் ஒத்திருந்தன.