மலை மேலே டாக்டர் வருவாரா?



போன மாதம் ஒரு மலைக் கிராமக் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் வரவு எல்லாம் எழுதி முடித்த பிறகு ஓர் அக்கா மெதுவாகச் சொன்னார்: "பிரஷர் மாத்திரை தீர்ந்து ரெண்டு மாசம் ஆச்சும்மா. கீழே ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்குக் கூலி போச்சு, பஸ்ஸுக்கும் காசு. தலை சுத்தினா படுத்துக்குவேன்."

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடியினரை, நம் மாநிலத்தில் மிகவும் நலிந்த நிலையில் உள்ளவர்கள் என்று அரசே பட்டியலிட்டிருக்கிறது. மலையில் வாழ்பவர்களுக்கு நோயைவிட தூரம்தான் பெரிய எதிரி. நாம் இறங்கிப் போவதற்குப் பதில் டாக்டர் மேலே ஏறி வர முடியாதா? திரை வழியாக வர முடியும். இதுதான் தொலை மருத்துவம்.

இந்திய அரசு 2019 நவம்பரில் இ-சஞ்சீவனி திட்டத்தைத் தொடங்கியது. கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே பேசும் வசதியும் வந்தது. 2023 பிப்ரவரியில் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. இதற்குக் கட்டணம் இல்லை.

இதில் இரண்டு வழி உண்டு.

1. துணை சுகாதார நிலையம் வழியாக: அங்குள்ள செவிலியர் பிரஷர், சுகர் பார்த்து, டாக்டரைத் திரையில் அழைத்துப் பேச வைப்பார்.

2. வீட்டிலிருந்து: செல்போன் எண்ணைப் பதிவு செய்து, டோக்கன் வாங்கி, நாமே பேசலாம்.

சிக்னல் இல்லாத ஊருக்கு முதல் வழியே நல்லது. தொட்டுப் பார்க்க ஒருவர் பக்கத்தில் இருப்பாரே!

பேசும் முன் கவனிக்க

- பழைய சீட்டு, மாத்திரை அட்டை கையில் இருக்கட்டும்.
- எத்தனை நாளாகத் தொந்தரவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கர்ப்பமா, பால் கொடுக்கிறீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.
- சீட்டில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.
- தமிழ் சரளமாக வராத பழங்குடிப் பாட்டிகளுக்கு, அவர்கள் பாஷை தெரிந்த உறுப்பினர் ஒருவர் துணைக்குப் போகட்டும்.

திரை போதாத நேரம்

பிரசவ வலி, உதிரப்போக்கு, பாம்புக்கடி, நெஞ்சுவலி, வலிப்பு, மூச்சுத்திணறல் என்றால் திரைக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வர முடியாத பாதை என்றால், ரோடு வரை யார் தூக்கி வருவது, எந்த ஜீப் என்று முன்னாலேயே பேசி வையுங்கள்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற குழுக்களிலிருந்தே வந்தார்கள். ஆகவே இது நம்மால் முடியாத வேலை அல்ல.

அந்த அக்காவை மறுநாள் துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். பிரஷர் மிகவும் ஏறியிருந்தது. டாக்டர் திரையில் விசாரித்தார், மாத்திரை அங்கேயே கிடைத்தது. மதியத்துக்குள் வீடு திரும்பிவிட்டார். "அரை நாள் கூலி மிஞ்சிச்சு" என்று சிரித்தார். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் பக்கவாதத்தில் முடிந்திருக்கலாம்.

குழுவில் பேசி தீர்மானம் எழுதுவோம்

1. நம் ஊரில் தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் யார்? யாருக்கு எப்போது தீரும்?
2. நம் துணை சுகாதார நிலையத்தில் இந்த வசதி நடக்கிறதா? இல்லையென்றால் அடுத்த கிராம சபையில் யார் எழுந்து கேட்பது?