விட்டுவிட்டு மந்தமாகும் அலுவலக வலையமைப்பு: எங்கிருந்து தேடுவது?

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏ9 வீதியில் இருக்கிறது நாவுல. இப்படியான ஊரிலுள்ள ஓர் அலுவலகத்தில் கணினிகள் இழுக்கத் தொடங்கினால், திருத்துபவர் வந்து சேர நேரமெடுக்கும். அவர் வரும்போது எல்லாம் சீராக ஓடும்; போனதும் மறுபடி இழுக்கும். கருமபீடத்தின் முன் வரிசையில் நிற்பவர்களுக்கோ அரைநாள் போய்விடும். இந்தக் கோளாறைப் பிடிக்க முதலில் வேண்டியது ஒரு கொப்பி.

1. குறித்து வையுங்கள்
எத்தனை மணிக்கு, எந்தக் கணினியில், கேபிளிலா வைஃபையிலா, என்ன வேலையின்போது மந்தமானது என்று ஒரு வாரம் எழுதுங்கள். ஒரே கணினி என்றால் கேபிளையோ அந்தக் கணினியையோ சந்தேகிக்கலாம். எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் என்றால் சுவிட்ச், ரூட்டர், இணைய இணைப்பு.

2. உள்ளேயா, வெளியேயா?
கேபிளில் இணைந்த ஒரு கணினியில் இரண்டு கட்டளைத் திரைகளைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் மற்றதில் 8.8.8.8 என்ற கூகுள் முகவரிக்கும் பிங் கட்டளையை நிற்காமல் ஓடவிடுங்கள். ரூட்டரின் பதில் வழக்கமாக ஓரிரு மில்லி விநாடிக்குள் வரும். மந்தமான வேளையில் அதுவே தாமதித்தாலோ தவறினாலோ கோளாறு அலுவலகத்துக்குள். ரூட்டர் சரியாகப் பதில் தர, வெளி முகவரி மட்டும் தடுமாறினால் இணைப்பு நிரம்பியிருக்கிறது, அல்லது பிழை வெளியே.

வெளிப்பிழை வெகுதூரத்திலும் இருக்கலாம். 2025 செப்டெம்பரில் ஜெத்தாவுக்கு அருகே செங்கடலில் கடலடிக் கேபிள்கள் சேதமடைந்து, தெற்காசிய நாடுகளில் இணையம் மந்தமானது. அவற்றுள் ஒன்றான சீ-மீ-வீ 4 கொழும்பிலும் கரையேறுகிறது.

3. கேபிள்கள்
1000 எம்பிபிஎஸ் வேகத்துக்குக் கேபிளின் நான்கு கம்பிச் சோடிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டே போதும். ஆகவே ஒரு கணினியின் இணைப்பு வேகம் திடீரென 100 என்று காட்டினால் ஒரு சோடி அறுந்திருக்கலாம். கதவிடுக்கில் நசுங்கியவற்றையும் நாற்காலிக் கால் ஏறியவற்றையும் முதலில் மாற்றுங்கள். ஒரு கேபிள் ஓட்டம் 100 மீற்றரைத் தாண்டக்கூடாது.

4. வளையம்
ஒரே கேபிளின் இரு முனைகளையும் தெரியாமல் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால், தரவு வெளியேற வழியின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக வேகமாக மின்னும். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் விளக்குகள் அடங்குகின்றனவோ அதுதான் குற்றவாளி.

பெரிய நிறுவனங்களும் இதற்குத் தப்பவில்லை. 2002 நவம்பரில் அமெரிக்காவின் பொஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனெஸ் மருத்துவமனையின் வலையமைப்பு, இப்படியான சுழற்சியால் ஏறத்தாழ நான்கு நாட்கள் விட்டுவிட்டு முடங்கியது. மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது.

5. இணைப்பை நிரப்புவது யார்?
விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் எந்தச் செயலி எவ்வளவு அனுப்புகிறது என்று தெரியும். விண்டோஸ் அப்டேட், கூகுள் டிரைவ் பேக்கப், சிசிடிவி பதிவேற்றம் மூன்றையும் பாருங்கள். பதிவேற்றும் வழி நிரம்பினால் பதிவிறக்கமும் தளரும். பேக்கப்பை அலுவலகம் மூடிய பிறகு ஓடும்படி மாற்றுங்கள்.

6. வைஃபை
2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 என்ற அலைத்தடங்கள் மட்டுமே ஒன்றோடொன்று மோதாதவை. பக்கத்துக் கடை எதில் இருக்கிறதோ அதைத் தவிருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையைக் குழப்பும். முக்கியமான கணினிகளைக் கேபிளுக்கு மாற்றுவதே நல்லது.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதையும் நேரத்துடன் கொப்பியில் எழுதுங்கள். கோளாறு வெளியே என்று தெரிந்தால், இணைய நிறுவனத்தை அழைக்கும்போது அந்தக் குறிப்பையும் பிங் பதிவையும் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.